புரோகிரெசிவ் ராக்: ரசிகர்களின் அபிப்பிராய பேத வரலாறு

1960களின் இறுதியில் இங்கிலாந்தில் தோன்றி, 1970 முதல் 1975 வரையுள்ள சில ஆண்டுகளில் உச்சநிலை எய்தி, பின்னர்ப் பல கிளைகளாகப் பிரிந்து இன்றளவும் வழங்கிவரும் ராக் இசைப் பிரிவு புரோகிரெசிவ் ராக் எனப்படும். ரசிகர்கள் இதனைச் சுருக்கமாகப் 'பிராக்' என்பர். மூன்று நிமிஷப் பாட்டு என்னும் வரம்பைக் கடந்து பத்தும் இருபதும் நிமிஷங்கள் நீளும் உருப்படிகள், ஐரோப்பிய சாஸ்திரீய சங்கீதத்திலிருந்தும் ஜாஸ் இசையிலிருந்தும் எடுத்துக்கொண்ட அமைப்பு முறைகள், இடையிடையே அலகு மாறும் தாளங்கள், மெலோட்ரான், ஹாமண்ட் ஆர்கன், மூக் சிந்தசைசர் முதலிய கீபோர்டு வாத்தியங்களின் மேலாண்மை, புராணமும் விஞ்ஞானக் கற்பனையும் தத்துவ விசாரமும் விரவிய சாஹித்யம், ஓர் இசைத்தட்டு முழுவதையும் ஒரே கருத்தினால் கோக்க விழையும் ஆசை ஆகியவை இதன் லக்ஷணங்கள். கிங் கிரிம்ஸன், யெஸ், ஜெனிஸிஸ், எமர்சன் லேக் அண்டு பாமர், ஜெத்ரோ டல், வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர், ஜென்டில் ஜயண்ட் ஆகியவை இதன் முதல் தலைமுறைக் குழுக்களுள் முக்கியமானவை. பிங்க் ஃபிளாய்டை இவ்வரிசையில் சேர்ப்பதா வேண்டாமா என்பது ரசிகர்களிடையே இன்னும் தீராத வழக்கு.

இவ்விசையின் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர், அதனைக் கேட்டவர்களின் சச்சரவையும் உடன்சேர்த்தே சொல்ல வேண்டியவராகிறார்கள். ராக் இசையின் பிற பிரிவுகளை விரும்பாதவர்கள் அவற்றைக் கேளாது விடுவதோடு அமைந்தார்கள். பிராக்கை விரும்பாதவர்களோ அதனை ஒரு குற்றமாகவே கருதி வழக்காடினார்கள். விரும்பியவர்களும் அதற்குச் சற்றும் குறையாத ஆவேசத்தோடு அதனை ஒரு கலாசாரச் சாதனையாக நிலைநாட்ட முற்பட்டார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் இவ்விவாதம், மேலெழுந்தவாரியாகப் பார்க்கையில், இன்ன குழுவின் திறமையையோ இன்ன தட்டின் தரத்தையோ பற்றியதாகத் தோன்றும். ஆயினும் அதன் அடியில் கிடப்பது ராக் இசையின் தர்மம் யாது என்னும் கேள்வியே. ஆட்டத்துக்கும் இளமைத் துடிப்புக்கும் உரிய எளிய கலையாகவே அது நிற்க வேண்டுமா, அன்றி அமர்ந்து ஊன்றிக் கேட்க வேண்டிய பெருங்கலையாக வளர ஆசைப்படலாமா என்பதில்தான் ரசிகர்கள் பிரிந்தார்கள்.

தோற்றமும் முதற் பிளவும்

1967ஆம் ஆண்டு இவ்விசைக்கு வழிகோலிய ஆண்டு. பீட்டில்ஸ் குழுவினர் அவ்வாண்டில் வெளியிட்ட 'சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்', தனித்தனிப் பாடல்களின் தொகுதியாக இருந்த ஆல்பத்தை ஒரு முழுப் படைப்பாகக் கேட்கும் பழக்கத்தை உண்டாக்கிற்று. புரோகால் ஹாரம் குழுவின் 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்', பாக்கின் சாயலில் அமைந்த ஆர்கன் வாசிப்போடு பிரிட்டனில் முதலிடம் பெற்றது. மூடி புளூஸ் குழுவினர் 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' என்னும் ஆல்பத்தில் ஒரு நாளின் பொழுதுகளை வைகறை முதல் இரவு வரை ஆர்க்கெஸ்ட்ராவின் துணையோடு பாடினர். கீத் எமர்சன் என்னும் கீபோர்டு வித்வானைக் கொண்ட நைஸ் என்னும் குழு சாஸ்திரீய மெட்டுகளை ராக் மேடையில் வாசித்து இளைஞர்களை மயக்கிற்று. இவை யாவும் முன்னோடிகளே. முழு உருவம் பெற்ற முதல் படைப்பு, கிங் கிரிம்ஸன் குழு 1969 அக்டோபரில் வெளியிட்ட 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்ஸன் கிங்' என்பதே பெரும்பாலோர் முடிவு.

அவ்வாண்டு ஜூலை 5ஆம் தேதி லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் இலவசக் கச்சேரிக்கு முன்னோட்டமாக மேடையேறி, லட்சக்கணக்கானோர் முன்னிலையில் வாசித்த இக்குழுவினர், சில மாதங்களுக்குள் வெளியிட்ட அந்த முதல் தட்டைக் குறித்துத் தோன்றிய இரு தீர்ப்புகள், பின்னால் வந்த விவாதம் முழுவதற்கும் பாயிரம் போல் அமைந்துவிட்டன. ஹூ குழுவின் தலைவரான பீட் டவுன்ஷெண்ட் அதனை அபூர்வமான மகா சிருஷ்டியாகப் போற்றினார். நியூயார்க் விமர்சகரான ராபர்ட் கிறிஸ்ட்காவோ போலிச் சரக்கென்று வசைமொழியால் தள்ளி, மிகத் தாழ்ந்த மதிப்பெண் கொடுத்தார். ஒருவர் ராக் இசையின் உள்ளிருந்து அதன் எல்லையை விரிக்க முயன்றவர். மற்றவர் அவ்விசையின் வேர் அமெரிக்கக் கறுப்பர்களின் புளூஸ் இசையில் உள்ளதென்றும், அவ்வேரை விட்டு விலகுவது அதன் உயிரை விடுவதாகுமென்றும் நம்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு என்பதே இவ்விவாதம் முடிவுறாமைக்குக் காரணம்.

விமர்சகர் ஒருபுறம், வாசகர் ஒருபுறம்

1970 ஆகஸ்டில் வைட் தீவு இசை விழாவில் பீரங்கி முழக்கத்தோடு கவனத்தை ஈர்த்த எமர்சன் லேக் அண்டு பாமர் குழுவும், ஜான் ஆண்டர்சனும் கிறிஸ் ஸ்குவயரும் 1968இல் அமைத்த யெஸ் குழுவும் சில ஆண்டுகளுக்குள் பிரிட்டனின் மிகப் பெரிய குழுக்களாயின. 'மெலடி மேக்கர்' பத்திரிகையின் வாசகர் வாக்கெடுப்புகளில் இவர்களே முன்னணியில் நின்றனர். அதே சமயத்தில் பத்திரிகைகளில் எழுதிய விமர்சகர்களுள் பலர் இவர்களை ஏளனம் செய்தனர். எமர்சன் லேக் அண்டு பாமரைத் திறமையும் மின்சாரமும் வீணாகும் இடமென்று கண்டித்த பி.பி.சி. வானொலி அறிவிப்பாளர் ஜான் பீலின் சொல் பழமொழியாகவே வழங்கலாயிற்று. அமெரிக்காவில் 'கிரீம்' பத்திரிகையின் லெஸ்டர் பாங்ஸ் 1974இல் அக்குழுவைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை, வசையிலக்கியத்தில் ஒரு தனி இடம் பெற்றுவிட்டது.

இவ்விமர்சகர்களை வெறும் பொறாமைக்காரர்கள் என்று ரசிகர்கள் கூறுவது நியாயமாகாது. பாங்ஸ் முதலியோர் ராக் இசையைத் தம் உயிரினும் மேலாக நேசித்தவர்கள். அவர்கள் முறையீடு இது: ராக் இசை தன் சொந்தப் பலத்தினால், அதாவது லயத்தின் உந்துதலாலும் குரலின் பச்சை உணர்ச்சியாலும், கலையாகவே ஏற்கெனவே விளங்குகிறது, அதற்கு முஸோர்க்ஸ்கியின் மெட்டையும் பாக்கின் அமைப்பையும் கடன் வாங்கிக் கௌரவம் தேடித் தருவது, அது இயல்பிலே தாழ்ந்தது என்று ஒப்புக்கொள்வதாகும். இவ்வாதம் பலமானது. 'பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்' என்னும் முஸோர்க்ஸ்கியின் படைப்பை 1971இல் நியூகாஸில் நகர மண்டபத்தில் எமர்சன் குழுவினர் வாசித்ததன் பதிவைக் கேட்போர், மூலத்தின் நுட்பம் பல இடங்களில் வேகத்துக்குப் பலியானதை உணரலாம்.

எனினும் மறுபுறத்துச் சாட்சிகளையும் கேட்க வேண்டும். 1973இல் 'பிரெய்ன் சாலட் சர்ஜரி' ஆல்பத்துக்காக அர்ஜென்டினாவின் சங்கீத மேதையான அல்பெர்தோ ஹினாஸ்தெராவின் பியானோ கான்செர்ட்டோவிலிருந்து ஒரு பகுதியைத் தம் முறையில் அமைத்த எமர்சன், ஜெனீவாவில் அம்மேதையை நேரில் கண்டு வாசிப்பைக் கேட்கச் செய்தபோது, அவர் மனமுவந்து அனுமதித்தார். அமெரிக்கரான ஏரன் கோப்லண்டும் தம் 'ஃபான்ஃபேர் ஃபார் தி காமன் மேன்' என்பதை அவர்கள் பதிவு செய்ய இசைந்தார். சாஸ்திரீய சங்கீதத்தின் கௌரவத்தை இவர்கள் திருடினார்கள் என்று ராக் விமர்சகர்கள் வாதாடிக்கொண்டிருக்க, உடைமைக்காரர்களே வழக்குத் தொடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

தாளத்தைப் பற்றிய பிணக்கும் இங்கே கூறற்பாலது. எமர்சன் குழுவின் 'டார்கஸ்' ஐந்தின் கணக்கில் தொடங்குகிறது. பிங்க் ஃபிளாய்டின் 'மணி' ஏழில் நடக்கிறது. ஜெனிஸிஸ் குழுவின் 'சப்பர்ஸ் ரெடி'யில் ஒரு பகுதிக்கு ஒன்பதின் கணக்கையே பெயராக இட்டிருக்கிறார்கள். கண்டம், மிசிரம், சங்கீர்ணம் என்னும் பேதங்களில் ஊறிய நம்மவர் காதுக்கு இவை விநோதமல்ல. ஆனால் நான்கின் கணக்கில் கால் வைத்து ஆடிப் பழகிய மேனாட்டு இளைஞருக்கு அவை ஆட்டத்தைத் தடுத்தன. ஆடுவதற்காக வந்தவர் ஏமாந்தார். கணக்கை எண்ணி மகிழ வந்தவர் தம் உலகத்தைக் கண்டடைந்தார்.

ஒரு தட்டால் உடைந்த ரசிகர் கூட்டம்

அபிப்பிராய பேதம் விமர்சகருக்கும் ரசிகருக்கும் இடையில் மட்டும் நிகழவில்லை. ரசிகர்களுக்குள்ளேயே, இன்னும் சொல்லப்போனால் ஒரே குழுவின் உறுப்பினர்களுக்குள்ளேயே அது மூண்டதற்குச் சிறந்த உதாரணம், யெஸ் குழு 1973 டிசம்பரில் வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்' என்னும் இரட்டை ஆல்பம். இதன் பிறப்பு நம் நாட்டோடு தொடர்புடையது. பரமஹம்ஸ யோகானந்தர் 1946இல் வெளியிட்ட சுயசரிதை நூலைக் கிங் கிரிம்ஸன் குழுவின் தாளவாத்தியக்காரரான ஜேமி மூயர், யெஸ் குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்சனுக்கு எடுத்துச் சொன்னார். அந்நூலின் ஓர் அடிக்குறிப்பில் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் எனச் சாஸ்திரங்கள் நால்வகைப்படும் என்று கண்ட ஆண்டர்சன், அந்நான்கையும் அடியொற்றி நான்கு பெரும் உருப்படிகளை அமைக்கத் துணிந்தார். ஒவ்வொன்றும் தட்டின் ஒரு பக்கம் முழுதும், ஏறக்குறைய இருபது நிமிஷம் ஓடும்.

தட்டு கடைக்கு வருமுன்பே தொடங்கிய இங்கிலாந்துச் சுற்றுப் பயணத்தில் இப்படைப்பு முழுவதையும் மேடையில் வாசித்தார்கள். ஒரு முறையும் கேட்டிராத எண்பது நிமிஷ இசையைச் செவிமடுக்க நேர்ந்த கூட்டத்தில் பொறுமையிழந்தோர் பலர். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலிலோ ஆல்பம் முதலிடத்தைப் பெற்றது. கீபோர்டு வாசித்த ரிக் வேக்மன் இப்படைப்பில் தமக்கு நம்பிக்கையில்லை என்பதை மறைக்கவில்லை. மான்செஸ்டர் கச்சேரியின் நடுவே, தம் பங்குக்கு வேலையின்றி இருந்த வேளையில், மேடையிலேயே இந்தியக் குழம்புச் சோறு வரவழைத்துச் சாப்பிட்டதை அவரே பலமுறை கூறியுள்ளார். 1974இல் அவர் குழுவை விட்டு விலகினார்.

யெஸ் ரசிகர்கள் அன்று தொட்டு இரு கட்சியாகவே உள்ளனர். ஆன்மிக விசாரத்தை இத்தனை விரிவாக ராக் இசையில் எவரும் செய்ததில்லை என்றும், முதற் பக்கத்தின் குரலிசைத் தொடக்கமும் நான்காம் பக்கத்தின் இறுதிப் பகுதியும் அக்குழுவின் சிகரங்கள் என்றும் ஒரு சாரார் கூறுவர். நாற்பது நிமிஷத்துக்குரிய கருத்தை எண்பது நிமிஷத்துக்கு நீட்டினார்கள் என்பது மறுசாரார் துணிபு. ஓராண்டுக்கு முன் இதே குழு வெளியிட்ட 'குளோஸ் டு தி எட்ஜ்' என்பதை அருகில் வைத்துப் பார்த்தால் இவ்வழக்கு தெளிவாகும். பதினெட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும் அந்தத் தலைப்பு உருப்படியில் பறவையொலியும் நீரோசையும் எழுந்து, திடீரென வாத்தியங்களின் சூறாவளியாக மாறி, பாடலாக உருக்கொண்டு, லண்டனில் செயின்ட் ஜைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்தின் ஆர்கனில் பதிவு செய்த கம்பீரமான நடுப்பகுதியில் அடங்கி, மீண்டும் கிளர்ந்தெழுந்து தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிறது. வீணான ஒரு நிமிஷம் அதில் இல்லை. 'டேல்ஸ்' ஆல்பத்தின் இரண்டாம் மூன்றாம் பக்கங்களில் இக்கட்டுக்கோப்பு நெகிழ்கிறது என்பதை அதன் அன்பர்களும் மனம் திறந்து ஒப்பினால், நீளமே குற்றம் என்னும் வாதம் தானே வலியிழக்கும்.

ஜெத்ரோ டல் குழுவின் அனுபவம் வேறு வகையில் ரசமானது. 1971இல் வெளிவந்த 'அக்வாலங்' தட்டை ஒரே கருத்தால் கோத்த படைப்பென்று விமர்சகர்கள் வருணித்ததை ஏற்காத அக்குழுத் தலைவர் இயன் ஆண்டர்சன், அப்படிப்பட்ட ஆல்பங்களையே கேலி செய்யும் நோக்கத்தோடு, மறு ஆண்டில் 'திக் ஆஸ் எ பிரிக்' என்னும் ஒரே பாட்டை இரு பக்கமும் நிறைய எழுதி, கற்பனைப் பத்திரிகையொன்றையே உறையாக அச்சிட்டு வெளியிட்டார். கேலியாகப் பிறந்தது அமெரிக்காவில் முதலிடம் பெற்றதோடு, பிராக் இலக்கணத்துக்கே முன்மாதிரியாக ரசிகர்களால் போற்றப்பட்டது. போற்றியோர் தவறினார் என்றும் சொல்வதற்கில்லை, ஏனெனில் இசை அவ்வளவு உயர்ந்தது. அடுத்த ஆண்டின் 'எ பாஷன் பிளே'யை விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கினர்; அதுவும் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது.

ஆடம்பரம், வர்க்கம் என்னும் இரு குற்றச்சாட்டுகள்

மேடை ஆடம்பரம் பற்றிய கண்டனத்தில் பெரும்பகுதி உண்மையே. கிரெக் லேக் மேடையில் பாரசீகக் கம்பளம் விரித்து நின்றதும், 1974 ஏப்ரலில் கலிபோர்னியா ஜாம் விழாவில் எமர்சன் பியானோவோடு அந்தரத்தில் சுழன்றதும், 1975இல் ரிக் வேக்மன் ஆர்தர் அரசரின் கதையை லண்டன் வெம்பிளியில் பனித்தரைமீது சறுக்கு நடனக்காரர்களைக் கொண்டு நடத்தி, அரங்கு நிறைந்தும் நஷ்டமடைந்ததும், 1977இல் எமர்சன் குழு முழு ஆர்க்கெஸ்ட்ராவை உடனழைத்துச் சென்று, செலவு தாளாமல் நடுவழியில் அதைக் கலைத்ததும் யாவரும் அறிந்த செய்திகள். இவற்றை நியாயப்படுத்த முயலும் ரசிகர்கள் தாம் விரும்பும் இசைக்கே கேடு செய்கிறார்கள். பனித்தரைக் காட்சியைப் பழிப்பதனால் கிங் கிரிம்ஸனின் 'ரெட்' ஆல்பத்தில் ஒரு ஸ்வரமும் கெட்டுவிடாது. அக்குழுவின் தலைவர் ராபர்ட் ஃப்ரிப், புகழ் நிறைந்திருந்த 1974லேயே, அத்தட்டு வெளிவருமுன், குழுவைக் கலைத்துவிட்டவர். ஒருவரின் மிகையை எல்லோர் தலையிலும் ஏற்றியது விமர்சகர்களின் பெரும் பிழை.

வர்க்கம் பற்றிய குற்றச்சாட்டு ஆராய்ச்சிக்கு நிற்பதில்லை. இது செல்வச் சீமான் வீட்டுப் பிள்ளைகளின் இசை என்னும் கூற்றுக்குச் சார்ட்டர்ஹவுஸ் என்னும் புகழ்பெற்ற பள்ளியில் தோன்றிய ஜெனிஸிஸ் குழுவே ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஆனால் ஜான் ஆண்டர்சன் லாங்கஷையரின் ஆக்ரிங்டன் என்னும் ஆலை நகரத்தில் பிறந்து பல கூலி வேலைகள் பார்த்தவர். கிரெக் லேக் எளிய தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. மறுபுறம், உழைக்கும் வர்க்கத்தின் குரலாகப் போற்றப்பட்ட கிளாஷ் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மர் ஒரு ராஜதந்திரியின் மகன், விடுதிப் பள்ளியில் படித்தவர். ரசிகர் கூட்டம் பெரும்பாலும் ஆண்களாலேயே ஆனது என்னும் கூற்றில் மட்டும் உண்மை உண்டு. ரினைஸான்ஸ் குழுவின் ஆனி ஹாஸ்லம், கர்வ்டு ஏர் குழுவின் சோன்யா கிறிஸ்டினா ஆகிய சிலரைத் தவிர மேடையிலும் பெண்கள் அருகியே காணப்பட்டனர்.

இங்கிலாந்து ரசிகர்கள் அலட்சியம் செய்த குழுக்களை இத்தாலிய ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் 'பான் ஹார்ட்ஸ்' தாய்நாட்டில் விலைபோகாதிருக்க, இத்தாலியப் பட்டியலில் பல வாரங்கள் முதலிடத்தில் நின்றது. ஜெனிஸிஸ் குழுவையும் முதலில் ஆதரித்தவர்களுள் இத்தாலியர் உண்டு. ப்ரெமியாட்டா ஃபோர்னெரியா மார்கோனி, பாங்கோ, லெ ஓர்மே என்னும் குழுக்கள் அங்கே தோன்றி, தம் நாட்டு மெல்லிசை மரபோடு இம்முறையைப் பிணைத்தன. ஓபரா பிறந்த மண்ணில், ஒரு பாட்டு நீண்டதாகவும் உணர்ச்சி மிகுந்ததாகவும் இருப்பதற்காக எவரும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அபிப்பிராயம் இசையைப் பொறுத்தது மட்டுமன்று, கேட்போர் வளர்ந்த சம்பிரதாயத்தையும் பொறுத்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

பங்க் இசையும் ஒரு கட்டுக்கதையும்

1976இல் எழுந்த பங்க் இசை பிராக்கைக் கொன்றொழித்தது என்று பல நூல்கள் கூறும். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் ஜான் லிடன், பிங்க் ஃபிளாய்ட் படம் பொறித்த சட்டையில் வெறுக்கிறேன் என்று மேலே எழுதி அணிந்து திரிந்தது இக்கதையின் மூல விக்கிரகமாயிற்று. நிகழ்ந்தவை இவ்வளவு நேரானவையல்ல. பங்க் கொடிகட்டிப் பறந்த 1977ஆம் ஆண்டிலேயே யெஸ் குழுவின் 'கோயிங் ஃபார் தி ஒன்' பிரிட்டனில் முதலிடமும், எமர்சன் குழு வாசித்த கோப்லண்டின் 'ஃபான்ஃபேர்' இரண்டாமிடமும் பெற்றன; பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' 1979இல் உலகை வலம் வந்தது. அதே லிடன் 1977 ஜூலையில் லண்டன் காபிடல் வானொலியில் தமக்குப் பிடித்த தட்டுகளை ஒலிபரப்பியபோது, வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் பாடகரான பீட்டர் ஹாமில் தனியே வெளியிட்ட 'நாடிர்ஸ் பிக் சான்ஸ்' ஆல்பத்திலிருந்து பாடல்களைத் தேர்ந்து அவரைப் புகழ்ந்து பேசினார். பிங்க் ஃபிளாய்டின் டிரம்ஸ் வாத்தியக்காரரான நிக் மேசன் டாம்டு என்னும் பங்க் குழுவின் இரண்டாம் ஆல்பத்தைத் தயாரித்துக் கொடுத்தார். பத்திரிகைகள் இரு படைகளாக நிறுத்திக் காட்டியவர்கள் ஒருவர் வீட்டு இசையை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

உண்மையில் முதல் தலைமுறையின் வேகம் பங்க் வருமுன்பே குறைந்திருந்தது. கிங் கிரிம்ஸன் 1974இல் கலைந்தது. 1975இல் பாடகர் பீட்டர் கேப்ரியல் ஜெனிஸிஸை விட்டு விலகினார். பின்னர் இசைத்தட்டுக் கம்பெனிகள் சுருக்கமான பாடல்களையே வற்புறுத்தின. அவ்வற்புறுத்தலின் விளைவான எமர்சன் குழுவின் 'லவ் பீச்' (1978) பகைவர்களையும் பரிதாபப்பட வைத்தது.

பிற்காலப் பிளவுகள்

ஜெனிஸிஸ் ரசிகர்களின் பிரிவினை மிகவும் புகழ்பெற்றது. டிரம்ஸ் வாசித்த பில் காலின்ஸ் கேப்ரியலுக்குப் பின் பாடகராகி, கிதார் வித்வான் ஸ்டீவ் ஹாக்கெட்டும் 1977இல் விலகிய பிறகு, மூவராக நின்ற குழு படிப்படியாகச் சிறு பாடல்களை நோக்கிச் சென்று, 1986இல் 'இன்விஸிபிள் டச்' பாட்டினால் அமெரிக்காவில் முதலிடம் எய்திற்று. பழைய அன்பர்கள் இதனைத் துரோகமென்றனர். புதிய அன்பர்களோ பழைய படைப்புகள் அதே குழுவினுடையவை என்பதையே அறியாதிருந்தனர். யெஸ் குழுவுக்கும் 1983இல் 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' பாட்டால் இதே நிலை நேர்ந்தது. கிங் கிரிம்ஸன் 1981இல் 'டிசிப்ளின்' ஆல்பத்தோடு திரும்பி வந்தபோது பிளவு வேறு திக்கில் ஏற்பட்டது: மெலோட்ரானின் பழைய சோக கம்பீரத்தை எதிர்பார்த்தவர்கள், பின்னிப் பிணைந்த கிதார்களின் புதிய நுட்பத்தைக் கண்டு திகைத்தனர். முன்னேற்றத்தைப் பெயரிலேயே தாங்கிய இசையின் ரசிகர் சிலர், முன்னேறிய குழுவைப் பழைய இடத்துக்கே திரும்பும்படி கேட்டனர் என்பது வருந்தத்தக்க செய்தி.

ஹென்றி கௌ என்னும் குழு பிற ஐரோப்பியக் குழுக்களைத் திரட்டி 1978 மார்ச்சில் லண்டனில் 'ராக் இன் ஆப்போஸிஷன்' என்னும் விழாவை நடத்தி, கம்பெனிகளின் ஆதிக்கத்தை எதிர்த்தது. இவ்வழி நின்றோர்க்கு யெஸ்ஸும் ஜெனிஸிஸும் இனிமைக்கு அடிமைப்பட்டவை. இதற்கு நேரெதிராக, 1983இல் 'ஸ்கிரிப்ட் ஃபார் எ ஜெஸ்டர்ஸ் டியர்' ஆல்பத்தால் அறிமுகமாகி, 1985இல் 'மிஸ்பிளேஸ்டு சைல்ட்ஹுட்' ஆல்பத்தால் பிரிட்டனில் முதலிடம் பெற்ற மரில்லியன் குழு, பழைய ஜெனிஸிஸின் நகலென்று சிலராலும், அணைய இருந்த மரபைக் காத்த குழுவென்று பலராலும் கருதப்பட்டது. கனடாவின் ரஷ் குழு '2112' ஆல்பத்தை (1976) எழுத்தாளர் அயன் ராண்டின் மேதைமைக்குக் காணிக்கையாக்கியதன் பொருட்டு, பிரிட்டிஷ் பத்திரிகையொன்றில் அரசியல் பழிச்சொல்லுக்கும் ஆளாயிற்று.

பிங்க் ஃபிளாய்டைப் பற்றிய வழக்கு முன்பே சுட்டப்பட்டது. அவர்களுடைய 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973க்கும் 1988க்கும் இடையே அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 741 வாரங்கள் இடம்பெற்றது. விரலின் வேகத்தைக் காட்டாத, புளூஸின் நிதானத்தை விடாத குழு அது. ஆகவே பிராக் அன்று என்பர் ஒரு சாரார். முழு ஆல்பத்தை ஒரே எண்ணமாக அமைப்பதே பிராக்கின் ஜீவன் என்போர்க்கு அதுவே தலைசிறந்த உதாரணம். பின்னவர் கட்சியே வலுவுடையது. வேகம் இவ்விசையின் அணிகளுள் ஒன்றேயன்றி அதன் உயிர் அன்று.

மறுமதிப்பீடு

1990களில் பல்கலைக்கழக அறிஞர்கள் இவ்விசையைக் கையிலெடுத்தனர். எட்வர்ட் மேக்கன் 1997இல் ஆக்ஸ்ஃபர்ட் வெளியீடாகக் கொணர்ந்த 'ராக்கிங் தி கிளாசிக்ஸ்' நூல், இவ்விசையை ஆங்கில நாட்டுத் தேவாலய சங்கீதத்தோடும், 1960களின் எதிர்க்கலாசார இயக்கத்தோடும் தொடர்புபடுத்தி ஆராய்ந்தது. அதன் முடிபுகளை ஏற்காதோரும் விவாதத்தின் தரத்தை அந்நூல் உயர்த்தியதை மறுக்கவியலாது. அடுத்த ஆண்டில் பில் மார்ட்டினின் 'லிசனிங் டு தி ஃபியூச்சர்' வந்தது. அமெரிக்காவின் டிரீம் தியேட்டர் போன்ற குழுக்கள் ஹெவி மெட்டல் இசையோடு இம்மரபைச் சேர்த்தன. அவற்றின் அதிவேக வாசிப்பை மரபின் வளர்ச்சியென்பாரும், பழைய குற்றச்சாட்டை மெய்ப்பிக்கும் வித்தை காட்டல் என்பாரும் உளர். இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் கிங் கிரிம்ஸன், ஜெத்ரோ டல், யெஸ் ஆகியோரின் மூலப்பதிவுகளைப் புதிதாகக் கலவை செய்து தெளிவுபடுத்தியதனால், முன்பு ஒலி மங்கலில் மறைந்திருந்த நுட்பங்கள் இளைய ரசிகர்களுக்குப் புலனாயின. 2010இல் கான்யே வெஸ்ட் தம் 'பவர்' பாட்டில் கிங் கிரிம்ஸனின் முதல் ஆல்பத்துக் குரலை எடுத்தாண்டபோது, பிராக் என்னும் சொல்லையே கேட்டிராத கோடிக்கணக்கானோர் செவிக்கு அது எட்டிற்று. ஒரு காலத்தில் இவ்விசையை உதாசீனம் செய்த 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2015இல் தலைசிறந்த ஐம்பது பிராக் ஆல்பங்களைப் பட்டியலிட்டு, 'டார்க் சைட்' ஆல்பத்தை முதலில் வைத்தது. ஜெனிஸிஸ் 2010இலும், ரஷ் 2013இலும், யெஸ் 2017இலும் அமெரிக்க ராக் அண்டு ரோல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றன.

இம்மரியாதைகள் வழக்கைத் தீர்த்துவிடவில்லை; தீர்க்கவும் வேண்டியதில்லை. இவ்விசையை ஒட்டுமொத்தமாக ஏற்போரும் ஒட்டுமொத்தமாக மறுப்போரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள் என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு: இருவரும் தட்டைக் கேளாமல் பெயரைக் கேட்கிறார்கள். 'குளோஸ் டு தி எட்ஜ்', 'ரெட்', 'பான் ஹார்ட்ஸ்', 'திக் ஆஸ் எ பிரிக்', ஜெனிஸிஸின் 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' ஆகிய ஐந்தும் எவ்வளவு கடுமையான தராசிலும் நிற்கக்கூடியவை. 'டேல்ஸ்' பாதி நிற்கும். 'லவ் பீச்' நிற்காது. இதனை முதன்முறையாக அணுகும் தமிழ் வாசகர், பிறர் தீர்ப்புகளை ஒதுக்கிவைத்து, முதலில் 'குளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தை இடையில் நிறுத்தாமல் இருமுறை கேட்டு, அதன் பின்னரே 'டேல்ஸ்' ஆல்பத்தின் முதற் பக்கத்துக்குச் செல்வாராக. இவ்வரிசையில் கேட்பவருக்கு இரு கட்சியாரின் வாதமும் நன்கு விளங்கும்.